அவர்கள் கிழவர்களாகவே பாடட்டும்

ராக் இசையையும் அறிவியல் புனைவுப் படங்களையும் ஒருசேர நேசிக்கும் சக ரசிகர்களுக்கு,



2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தி முடித்தது. ஐம்பது ஆண்டு ஓட்டம். எழுபதைத் தாண்டிய ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும் முகப்பூச்சும் உயரக் காலணியுமாக வியர்க்க விறுவிறுக்க ஆடி ஓய்ந்தார்கள். அவர்கள் விடைபெற்றதும் திரையில் அவர்களுடைய டிஜிட்டல் உருக்கள் வந்து நின்றன. சுருக்கமில்லாத முகம், மூச்சு வாங்காத நெஞ்சு, காற்றில் பறக்கும் உடம்பு. இனிமேல் குழு இந்த வடிவில் சாகாமல் வாழும் என்றார்கள். நம்மில் பலர் அதைக் கண்டு புல்லரித்துப் போனோம்.

அந்தப் புல்லரிப்பைப் பற்றித்தான் இந்த மடல். வயதாகும் ராக் குழுக்களை வயதாகாத உருக்களாக மாற்றிக் காசு பார்க்கும் ஏற்பாட்டுக்கு நாம் துணைபோகக் கூடாது என்பது என் கட்சி. மற்றவர்கள் இதில் மயங்கினால் புரிந்துகொள்ளலாம். இது எங்கே போய் முடியும் என்பதை நாமோ திரையரங்கில் காசு கொடுத்துப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிஸ் குழுவின் உருக்களைச் செய்தது இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். ஸ்டார் வார்ஸ் படத்துக்காக 1975இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய அதே நிறுவனம். லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிய 'அப்பா வாயேஜ்' நிகழ்ச்சியின் உருக்களும் அவர்கள் கைவண்ணம்தான். அப்பா குழுவின் நால்வரும் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் உணர்கருவி ஒட்டிக்கொண்டு கேமராக்களுக்கு முன்னால் பாடி ஆட, அந்த அசைவுகளின் மேல் 1970களின் இளம் முகங்களைப் போர்த்தினார்கள். இதற்கென்றே கட்டிய அரங்கில் நிஜ இசைக்கலைஞர்கள் பத்துப் பேர் மேடையில் வாசிக்கிறார்கள். நால்வரும் உயிரோடிருக்கிறார்கள், முழுச் சம்மதத்தோடு செய்தார்கள். வேலைத்தரத்தில் குறையே சொல்ல முடியாது. என் ஆட்சேபம் வேறு.

கிஸ் உருக்களின் பின்னால் இருப்பது பாப்ஹவுஸ் என்ற சுவீடன் நிறுவனம். 2024இல் அது கிஸ் குழுவின் பாடல்களோடு, பெயரையும், முகப்பூச்சு உட்பட அவர்களுடைய தோற்றத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்கியது. 30 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. ஒரு மனிதனின் தோற்றம் ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஏறுவது நமக்குப் புதிய கதையா என்ன? 2009இல் வந்த 'மூன்' படத்தை நினைத்துப் பாருங்கள். நிலவில் தன்னந்தனியாகச் சுரங்க வேலை பார்க்கும் சாம் பெல், மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பப் போகிறோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் ஒரு நகல். அவன் தேய்ந்ததும் எரித்துவிட்டு அடுத்த நகலை எழுப்பி அதே வேலையில் நிறுத்துகிறது நிறுவனம். நகல்களுக்குக் களைப்பு இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது. நிறுவனத்துக்குத் தேவை வேலை நிற்காமல் நடப்பது மட்டுமே. இந்தப் படத்தை எடுத்தவர் டங்கன் ஜோன்ஸ், டேவிட் போவியின் மகன். ராக் நட்சத்திரத்தின் வீட்டில் வளர்ந்த பிள்ளை எடுத்த முதல் படம் இது என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

இன்னும் நேரான எச்சரிக்கை 'பிளேட் ரன்னர் 2049'. டெனி வில்நெவ் 2017இல் எடுத்த அந்தப் படத்தில் லாஸ் வேகாஸ் நகரம் செம்புழுதி மூடிக் கிடக்கிறது. ஆளரவமற்ற சூதாட்ட விடுதிக்குள் கதாநாயகனும் ஹாரிசன் ஃபோர்டும் அடித்துக்கொள்கிறார்கள். நடுவே மேடையில் எல்விஸ் பிரெஸ்லியின் ஒளியுருவம் தோன்றுகிறது. விட்டு விட்டுத் தெரிகிறது, பாடுகிறது, அணைகிறது, மறுபடி வருகிறது. கேட்க ஒரு ஆள் இல்லை. அது அதற்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை.

அதே படத்தில் ஃபோர்டின் டெக்கார்டுக்கு ஒரு பேரம் பேசப்படுகிறது. அவன் காதலித்து இழந்த ரேச்சலை, முதல் படத்தில் பார்த்த அதே இளமையோடும் கூந்தல் கட்டோடும் மறுபடி செய்து கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். கிழவனாகிவிட்ட டெக்கார்ட் கலங்கிப் போகிறான். பிறகு வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அன்று அவனுக்காக உருகிய நமக்கு, இன்று அதே பேரத்தைச் சீட்டு விலையோடு முன்னால் வைக்கிறார்கள். கிஸ் உருக்களின் நிகழ்ச்சிக்குப் பேசப்படும் ஊரும் லாஸ் வேகாஸ்தான்.

இனி உண்மையான லாஸ் வேகாஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வாதத்தின் ஆணிவேர் இதுதான்.

ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக் குழு ஸ்கார்ப்பியன்ஸ். 1965இல் தொடங்கியது. 1988இல் லெனின்கிராடில் வரிசையாகக் கச்சேரி செய்தார்கள். 1989 ஆகஸ்டில் மாஸ்கோவின் லெனின் விளையாட்டரங்கில் நடந்த அமைதி இசைவிழாவில் பாடினார்கள். அந்த மாஸ்கோ நாட்களின் நினைவில் பாடகர் கிளாஸ் மைன் எழுதியதுதான் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்'. சீழ்க்கையில் தொடங்குமே, அந்தப் பாட்டு. மாஸ்க்வா ஆற்றையும் கார்க்கி பூங்காவையும் பாடித்தான் அது உள்ளே நுழையும். அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990இல் வந்த ஆல்பத்தில் பாட்டு வெளியாகி, மறு ஆண்டு உலகம் முழுக்கப் பரவியது. அந்த டிசம்பரில் குழுவினர் கிரெம்ளினுக்கே போய்க் கோர்பசேவைச் சந்தித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. பனிப்போர் முடிந்த செய்தியையும் அந்தச் சீழ்க்கையையும் பிரித்து நினைக்க எங்கள் தலைமுறைக்கு வராது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அடுத்த மாதம் ஸ்கார்ப்பியன்ஸ் லாஸ் வேகாஸில் தொடர் கச்சேரிகளைத் தொடங்கினார்கள். 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாடாமல் அவர்களை ரசிகர்கள் விடமாட்டார்கள். மாஸ்கோவைக் கொஞ்சும் வரிகளை அப்படியே பாடவும் மைனுக்கு மனசு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிவந்த தொடக்க வரிகளை எடுத்துவிட்டு, உக்ரைனின் பெயரைச் சேர்த்துப் பாடினார். அப்போது அவருக்கு வயது 73.

இதைத்தான் நான் கேட்கிறேன். ஸ்கார்ப்பியன்ஸ் 1991இலேயே தங்கள் தோற்றத்தையும் குரலையும் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து ஒதுங்கியிருந்தால், 2022 மார்ச்சில் லாஸ் வேகாஸ் மேடையில் என்ன நடந்திருக்கும்? கட்டுடல் வாலிபன் ஒருவன், கார்க்கிவ் நகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த அதே இரவில், மாஸ்கோவைப் புகழ்ந்து பிசிறில்லாமல் பாடியிருப்பான். செய்தி வாசிக்காத பாடகன் அவன். முதுமை தட்டிய மைனின் குரல் நடுங்கியிருக்கலாம். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று தோன்ற, அன்றைய செய்தியைக் கேட்டுத் தூக்கம் கெட்ட ஒரு மனிதன் உயிரோடு மேடையில் நிற்க வேண்டியிருந்தது.

அதே போர், இன்னொரு குழு. பிங்க் ஃபிளாய்ட் 2022 ஏப்ரலில் திடீரென்று ஒரு புதுப் பாட்டை வெளியிட்டது. உக்ரைனின் பூம்பாக்ஸ் குழுப் பாடகர் ஆந்திரி க்ளிவ்னியூக் அமெரிக்கப் பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பிப் படையில் சேர்ந்தார். கீவ் நகரச் சதுக்கத்தில் சீருடையும் துப்பாக்கியுமாக நின்று, முதல் உலகப் போர்க் காலத்து உக்ரைனியப் பாட்டு ஒன்றை வெறும் குரலில் பாடினார். அந்தக் காணொளியைப் பார்த்த பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் அவர் குரலைச் சுற்றி இசை அமைத்தார். டிரம்ஸ் வாசித்தவர் நிக் மேசன். கில்மோருக்கு 76, மேசனுக்கு 78. முன்னாள் கூட்டாளி ரோஜர் வாட்டர்ஸோ வேறு பக்கம் நின்றார். 2023 பிப்ரவரியில் ரஷ்யாவின் அழைப்பில் ஐநா பாதுகாப்பு சபையில் பேசினார். படையெடுப்பு சட்டவிரோதம், ஆனால் தூண்டுதல் இல்லாமல் நடந்ததல்ல என்றார். கில்மோர் பக்கம் நிற்பவர்களும் வாட்டர்ஸ் பக்கம் நிற்பவர்களும் நம் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்தச் சண்டையை இங்கே தீர்க்க நான் வரவில்லை. எண்பதை நெருங்கும் வயதிலும் உலக நடப்பைப் பார்த்துக் கோபப்பட்டு, பழைய நண்பனோடு முட்டிக்கொண்டு, ஒருவேளை தப்பாகவும் பேசித் திட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் அல்லவா, அது போதும் எனக்கு. டிஜிட்டல் உருவத்தோடு நம்மால் சண்டைகூடப் போட முடியாது.

அடுத்து உடம்பு. வயதான உடம்பைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் 2024இல் அமெரிக்காவில் சுற்றியபோது, அந்தப் பயணத்தின் புரவலர் ஏஏஆர்பி, அமெரிக்காவில் ஓய்வுபெற்றோருக்கான சங்கம். எண்பது வயது மிக் ஜாகரை வைத்து அன்று பறந்த நகைச்சுவைகளுக்குக் கணக்கில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் 'இன்டர்ஸ்டெல்லர்' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவர்களும் நாம்தானே? ஒரு மணி நேரம் ஏழு ஆண்டுக்குச் சமமாகும் கோளிலிருந்து திரும்பிய கூப்பர், இருபத்து மூன்று ஆண்டுச் செய்திகளை ஒரே இருக்கையில் பார்க்கிறான். பிள்ளைகள் அவன் கண்முன்னே வளர்ந்து மூத்துப் போகிறார்கள். ஒரு முகத்தில் காலம் ஏறுவதைப் பார்ப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அந்தக் காட்சியில் நமக்குப் புரிந்தது. ஜாகரின் முகத்தில் அறுபது ஆண்டு ஏறி நிற்பதை மட்டும் ஏன் கேலி செய்கிறோம்?

ராக் இசையின் ஒரு பெரிய கிளையே உடம்புக் குறையிலிருந்து முளைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். பர்மிங்ஹாமில் பதினேழு வயது டோனி அயோமி தகரப் பட்டறையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்தும்போது வலிக்காமலிருக்கப் பின்னாளில் தந்திகளைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது. அவருடைய பிளாக் சபாத் குழுவின் கனத்த ஓசையிலிருந்துதான் ஹெவி மெட்டல் வளர்ந்தது. அந்தக் குழுவின் 'அயர்ன் மேன்' பாட்டே ஒரு குட்டி அறிவியல் புனைவு. எதிர்காலத்துக்குப் போய் உலக அழிவைப் பார்த்தவன் எச்சரிக்கத் திரும்பி வருகிறான், வழியில் இரும்பாகிப் போகிறான், யாரும் அவன் பேச்சைக் கேட்பதில்லை, கடைசியில் அந்த அழிவை அவனே செய்கிறான்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் சபாத்தின் ஆதி நால்வரும் இருபது ஆண்டுக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி ஆஸ்பர்ன் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். எழுந்துவிட முயன்று முயன்று உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். நான்கே பாட்டு. வியட்நாம் போர்க் காலத்தில் எழுதிய 'வார் பிக்ஸ்' அதில் ஒன்று, 'அயர்ன் மேன்' இன்னொன்று. குரல் சில இடத்தில் சறுக்கியது. பதினேழு நாள் கழித்து, 76 வயதில், ஓஸி இறந்துபோனார். இதே சபாத்தில் ஒரு காலம் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ 2010இல் மறைந்தார். 2016இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் அவருடைய ஒளியுருவத்தை மேடையேற்றினார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மறுப்பு எனக்குத் தெரியும். 'நாமெல்லாம் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். பெருங்குழுக்கள் இளமையில் உச்சத்தில் இருந்தபோது நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நமக்கு இந்த உருவமாவது கிடைக்கட்டுமே.' இதில் ஏக்கம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கேசட் நம்மிடம் பொய் சொல்லவில்லை. 1975இல் பாடியதை 1975இல் பாடியது என்றே தந்தது. டிஜிட்டல் உருவமோ 'இதோ இப்போது பாடுகிறேன்' என்கிறது. குயீன் கச்சேரிகளில் பிரையன் மே தனியாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்க, திரையில் பழைய ஃப்ரெடி மெர்குரி வந்து ஓரிரு வரி பாடிவிட்டுப் போவார். அதில் எனக்குக் குறையில்லை. உயிரோடிருப்பவர் இறந்தவரை நினைக்கிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிகிறது.

நம் சினிமாவிலும் இந்த அலை வந்துவிட்டது. 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையான செயல்தான். அதற்குமேலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 'இந்த வரியை நான் பாடமாட்டேன்' என்று சொல்லும் உரிமை ஒரு பாடகருக்கு உண்டு. லாஸ் வேகாஸில் மைன் செய்தது அதுதான். மீட்டெடுத்த குரலுக்கு அந்த உரிமை இல்லை. குடும்பத்தார் சம்மதம் அதை ஈடுகட்டுமா என்பதை இனி வரும் படங்கள் ஒவ்வொன்றிலும் நாம் கேட்டாக வேண்டும்.

உண்மையில் முதிய குரலைக் கேட்கும் பயிற்சி நமக்கு மேற்கத்தியர்களைவிட அதிகம். வயதானால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடுவதை நம் சபாக்களில் யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தாண்டியும் மேடையேறினார். குரல் ஒத்துழைக்காத இடத்தில் ராகத்தை அவர் எப்படிக் கொண்டுசெல்கிறார் என்பதைக் கேட்கவே ரசிகர்கள் போனார்கள். மெட்டல் குழுக்கள் வயதான பாடகருக்காகச் சுருதியை இறக்கும்போது முகம் சுளிக்கும் நம்மவர்கள், மார்கழியில் வீட்டுப் பெரியவர்களோடு சபாவுக்குப் போய்வரலாம்.

2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், இளையராஜா தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். அரங்கின் பெயர் ஈவென்டிம் அப்போலோ. அதன் பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். 1973 ஜூலை 3 அன்று டேவிட் போவி, ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற தன் விண்வெளிப் பாத்திரத்தை மூட்டைகட்டியது அந்த மேடையில்தான். உச்சப் புகழில் இருந்த வேடத்தை, அது தன்னை விழுங்குமுன் அவரே முடித்துவைத்தார். கூடவே வயதானார், வேறு வேறு இசை செய்தார். 2016 ஜனவரி 8, தன் 69ஆம் பிறந்தநாளில், கடைசி ஆல்பத்தை வெளியிட்டு இரண்டு நாளில் இறந்தார். ஸிக்கியாகவே உறைந்து நின்றிருந்தால் அந்தக் கடைசி ஆல்பம் நமக்கு ஏது? எண்பதுக்கு மேல் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு அதே மேடைக்கு இளையராஜா போனதை நாம் பார்த்தோம். ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், நம் இளையராஜா மூவரும் 1943இல் பிறந்தவர்கள். இவர்கள் வயதை மறைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஆகவே, நண்பர்களே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, முதிய குழு ஊருக்கு வந்தால் போய்க் கேளுங்கள். சுருதி இறங்கியிருக்கும், ஓட்டம் குறைந்திருக்கும், இடையில் தண்ணீர் குடிக்கப் போவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உலகத்தில் நடப்பதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுங்கள்.

இரண்டு, போதும் என்று அவர்கள் நிறுத்தினால் நிறுத்த விடுங்கள். ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலருக்குத் தொண்டையில் பட்ட காயம் ஆறவில்லை என்று அந்தக் குழு 2024 ஆகஸ்டில் பயணக் கச்சேரிகளிலிருந்து ஓய்வை அறிவித்தது. அதுவும் ஒரு மரியாதையான முடிவுதான். ஓய்வு பெற்றவர்களை உருவமாக்கி மறுபடி வேலைக்கு இழுக்கும் சந்தைக்கு நாம் கூட்டம் சேர்க்க வேண்டாம்.

மூன்று, உருவத்துக்குக் கொடுக்க வைத்திருக்கும் சீட்டுக் காசை, உங்கள் ஊர்க் கல்லூரி விழாவிலோ சிறிய அரங்கிலோ சொந்தமாகப் பாட்டெழுதி வாசிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் கொடுங்கள். சாகாத பழைய குழுக்களோடு போட்டி போட வேண்டிய கதி அவர்களுக்கு வரக் கூடாது. அவர்களும் பாடிப் பாடிக் கிழவர்களாக வேண்டும். நாம் இடம் விட்டால்தான் அது நடக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்